பண்டாரி சைவமாகிவிட்டாராம்

கலீல் பண்டாரி சைவத்துக்கு மாறிவிட்டாராம். ஸ்ரீரங்கத்தில் ஒரு மாமியிடம் புளியோதரை கற்றுக்கொள்கிறாராம். இனிமேல் கறிச் சட்டியில் கை வைக்கவே மாட்டாராம்.

இந்தச் செய்தி மஜீதாவின் காதுக்கு நேராக வந்து சேரவில்லை. கறிக்கடை அனீஸ் கண்ணால் பார்த்ததாக தோழி ஹஃப்ஸாவின் வீட்டுக்காரரிடம் சொல்ல, அவர் ஹஃப்ஸாவிடம் சொல்ல, ஹஃப்ஸா பிளவுஸ் தைக்கக் கொடுத்த கடையில் வைத்து, “சத்தியமா நான் நம்பலடி” என்ற முன்னுரையோடு மஜீதாவிடம் ஒப்படைத்தாள். புளியோதரை மாமி எந்தக் கையில் வந்து சேர்ந்துகொண்டார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

மஜீதா வீட்டுக்கு வந்தபோது அவளுடைய கணவர், மேற்படி பண்டாரி, அடுப்படியில் நின்று அவரைக்காய்ப் பொரியலைக் கிண்டிக்கொண்டிருந்தார். பார்த்ததும் அவளுக்கே ஒரு கணம் திக்கென்றது.

“என்னங்க, நீங்க சைவமா மாறிட்டீங்களாமே.”

“யாரு சொன்னா?”

“ஊரே சொல்லுது. பொண்டாட்டிக்குத்தான் கடைசியாத் தெரியுது. யாருங்க அந்த மாமி?”

“எந்த மாமி?”

“புளியோதரை மாமி.”

கலீல் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். யோசித்துவிட்டுச் சிரித்தார். “அது மாமி இல்ல. பீமராவ். எழுபது வயசு ஆகுது. மீசை வேற வச்சிருக்காரு.”

மஜீதா சிரிக்கவில்லை. “நீங்க சிரிங்க. கல்யாணம் வச்சிருக்கிற அப்துல் ரஹீம் வீட்டு வரைக்கும் இந்தப் பேச்சு போயிருச்சு.”

கலீலின் சிரிப்பு அங்கேயே நின்றது.

பாலக்கரைப் பக்கம் கல்யாணம் என்றால் முதலில் மண்டபம் கிடைக்குமா என்று பார்ப்பார்கள், அடுத்தது கலீல் கிடைப்பாரா என்று பார்ப்பார்கள். சிலர் இந்த வரிசையை மாற்றிக்கொள்வதும் உண்டு. பண்டாரி என்றால் வெறும் சமையல்காரர் இல்லை. கல்யாண வீட்டுப் பிரியாணிச் சட்டிக்கு அவர்தான் பொறுப்பு. மாப்பிள்ளை தாமதமாக வந்தால் பொறுத்துக்கொள்வார்கள். தம் உடைக்கத் தாமதமானால் நாலு தலைமுறைக்குப் பேசுவார்கள். இந்த வேலைக்குக் கலீல் விளம்பரம் என்று எதுவும் வைத்துக்கொண்டதில்லை. அவருடைய வயிறே போதுமானதாக இருந்தது. அது முன்னால் வரும், அவர் பின்னால் வருவார். கல்யாண வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்ததும், ‘இந்த மனுஷன் ருசி தெரிந்தவன்’ என்று நிம்மதியாகிவிடுவார்கள்.

அந்த வயிற்றுக்குத்தான் சில மாதங்களுக்கு முன் சோதனை வந்தது. காலில் தொடங்கியது அது.

ஒரு கல்யாண வீட்டின் பின்கட்டு. தம் போட்ட சட்டியின் மூடி மேல் தணல் கொட்டியிருந்தது. கலீல் பக்கத்தில் வெறுங்காலோடு நின்று யாரிடமோ ஜீரகச் சம்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கறி இறக்க வந்திருந்த அனீஸ் மூக்கை உறிஞ்சினான்.

“பாய், என்னமோ கருகுது.”

“என் சட்டி கருகாது.”

“சட்டி இல்ல பாய். உங்க காலு.”

குனிந்து பார்த்தால் வலது பாதத்தின் ஓரத்தில் ஒரு தணல் துண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. கலீல் அதைத் தட்டிவிட்டார். வலி எதுவும் இல்லை. எல்லோரும், “பண்டாரிக்கு நெருப்பே சுடாதுப்பா” என்று பெருமையாகச் சொன்னார்கள். கலீலும் அன்று முழுக்க அந்தப் பெருமையிலேயே இருந்தார். மஜீதாதான் இரவு அந்தக் கொப்புளத்தைப் பார்த்துவிட்டு மறுநாள் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் அல்ஷிஃபா சின்ன வயசுப் பெண். ரத்தத்தில் சர்க்கரை பார்த்த தாளைப் பார்த்தார், காலைப் பார்த்தார், கடைசியாக வயிற்றைப் பார்த்தார்.

“பாய், ஒரு கல்யாணத்துக்கு ஆக்கும்போது எவ்வளவு சாப்பிடுவீங்க?”

“நான் எங்கம்மா சாப்பிடுறேன். ருசிதான் பாக்குறேன்.”

“ருசின்னா எவ்வளவு? கையில காட்டுங்க.”

கலீல் கையைக் குவித்துக் காட்டினார். அதில் ஒரு கோழிக்குஞ்சு வசதியாகத் தூங்கலாம்.

“இது எத்தனை தடவை?”

“உப்பு பாக்க ஒரு தடவை. காரம் பாக்க. கறி வெந்துச்சான்னு பாக்க. தம் உடைச்சதும் மேல ஒரு கை, அடியில ஒரு கை. அப்புறம் வீட்டுக்காரங்க வந்து, எப்படி பாய் இருக்குன்னு கேப்பாங்க. சும்மா சொல்ல முடியாதுல்லம்மா. ஒரு வாய் போட்டுட்டுத்தானே சொல்லணும்.”

“ஒரு வீட்டுக்காரங்கதானா கேப்பாங்க?”

“பொண்ணு வீடு கேக்கும். மாப்பிள்ளை வீடு கேக்கும். ஜமாத்துல இருந்து வருவாங்க.”

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். “இது ருசி இல்ல பாய். இது பந்தி.”

மஜீதா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

“என் கல்யாணத்துக்கும் நீங்கதான் ஆக்குனீங்க. அதனால உரிமையாச் சொல்றேன்” என்றார் டாக்டர். “நெருப்புக்குப் பக்கத்துல நிக்கிற வேலை உங்களுது. நெருப்பு சுடுறது காலுக்குத் தெரியலன்னா இன்னும் எவ்வளவு காலத்துக்கு நிப்பீங்க? மாத்திரை தரேன். ஆனா மாத்திரை மட்டும் போதாது. தட்டுல பாதி காய் இருக்கணும், சோறு ஒரு ஓரமா இருக்கட்டும். காலைல நடக்கணும், ஷூ போட்டு. இந்த ருசி பாக்குறத விட்டுருங்க.”

கடைசியாகச் சொன்னதுதான் கலீலுக்குக் கேட்டது. வண்டியில் வரும்போது வழி நெடுக அதையே சொல்லிக்கொண்டு வந்தார். பண்டாரி ருசி பார்க்காமல் இருப்பதாம்.

மஜீதா மறுநாளே வீட்டுச் சமையலை மாற்றினாள். காலையில் கம்பங்கூழ், மதியம் சோற்றைவிடக் கீரை அதிகம், இரவில் கோதுமை தோசை. “நீங்க இளைச்சா ஊரு என்னைத்தான் கேக்கும், புருஷனுக்குச் சோறு போடுறியா இல்லையான்னு. பரவாயில்ல, கேக்கட்டும்” என்றாள். கூழை முதல் நாள் குடித்தபோது கலீல் ஒரு பண்டாரியின் கண்டிப்போடு அதை ஆராய்ந்தார். உப்பு சரி. புளிப்பு கொஞ்சம் தூக்கல். சின்ன வெங்காயம் இருந்தால் எடுபடும். நாலாம் நாள் அவரே வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆர்வம் வந்துவிட்டால் எந்தச் சட்டியாக இருந்தால் என்ன?

நடைதான் சங்கடமாக இருந்தது. தோஹாவில் வேலை பார்க்கும் மகன் அப்ரார், அத்தாவுக்கு என்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஷூ அனுப்பியிருந்தான். கலீல் அதைக் கைலிக்குக் கீழே மாட்டிக்கொண்டு பாலக்கரைத் தெருவில் இறங்கினார். பத்தடி போவதற்குள் முதல் குரல் வந்தது.

“என்ன பாய், வண்டி பஞ்சரா?”

“இல்ல, சும்மா நடக்குறேன்.”

“சும்மாவா?” கேட்டவர் முகத்தில் அனுதாபம் வந்தது.

அடுத்தவர் வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தார். “யாரும் மவுத்தா பாய்? காலங்காத்தால நடந்து போறீங்க.” யாரும் சாகவில்லை என்று புரியவைப்பதற்குள் அவர் வீட்டில் டீ வந்துவிட்டது. வேண்டாம் என்றால் மனம் கோணும். முனைக் கடையில், “பண்டாரிக்கு ஒரு சமோசா, சூடா எடு” என்று யாரோ ஆர்டர் கொடுத்தார்கள். காசு வாங்க மாட்டேன் என்று கடைக்காரர் வேறு அடம்பிடித்தார். கலீல் நடையை முடித்துக்கொண்டு திரும்பி வந்தபோது, புறப்பட்டபோது இருந்ததைவிடக் கனமாக இருந்தார்.

“நடந்தீங்களா?” என்றாள் மஜீதா.

“தின்னுட்டு வந்தேன்” என்றார் உண்மையாக.

தெரிந்த முகம் இல்லாத இடமாக வேண்டும் என்று யோசித்துத்தான் அவர் ஸ்ரீரங்கத்தைப் பிடித்தார். விடிகாலை ஃபஜர் தொழுகை முடிந்ததும் ஸ்கூட்டரில் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் கொஞ்ச நேரம். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சித்திரை வீதிகளில் நடக்கலாம். அகலமான தெரு, வாசல் தெளித்த ஈரம், காலை வெயில் இன்னும் இறங்காத சுவர்கள். அவரைப் பார்த்து வண்டி பஞ்சரா என்று கேட்க ஒருவரும் இல்லை.

முதல் நாளே ஒரு தப்பு நடந்தது. எல்லோரும் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். மாமிகள், தாத்தாக்கள், கையை வீசிக்கொண்டு வரும் காலேஜ் பெண்கள், எல்லோருமே எதிரே. கலீல் ஒவ்வொருவருக்கும் ஒதுங்கி வழி விட்டு வழி விட்டு, நடந்ததைவிட நின்றதுதான் அதிகம். ஒரு மீசைக்காரர் பக்கத்தில் வந்து நின்றார்.

“பாய், நீங்க புதுசா?”

“ஆமாங்க.”

“இந்தத் தெரு ஒன்வே. போர்டு கிடையாது. திரும்பி என்னோட வாங்கோ.”

அவர்தான் பீமராவ். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான மனிதர். நடை வேகம், பேச்சு அதைவிட வேகம். கலீலுக்கு மூச்சு வாங்கும்போதெல்லாம் அவர் பேசினார், அதனால் பதில் சொல்ல வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. நடை முடிந்ததும் ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப் போய், நெய் மிதக்கும் பொங்கலும் காபியும் வாங்கிக்கொண்டார்.

“நடக்குறது பூரா இதுலயே போயிடுமே சார்” என்றார் கலீல்.

“நான் நடக்குறதே இதுக்குத்தான் பாய். ஆத்துல கொடுக்க மாட்டா.”

கலீல் சர்க்கரை இல்லாத டீயை உறிஞ்சினார். ஆனால் கண் பொங்கலிலேயே இருந்தது. ஆசையினால் இல்லை. மிளகு முழுசாகக் கிடந்தது. சாப்பிடுபவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரம் வைக்கிறார். ஒன்றிரண்டாக உடைத்துப் போட்டால் என்ன? அந்தக் கேள்வி அவரை நாலு நாள் அரித்தது. ஐந்தாவது நாள் எழுந்து போய் அடுப்படிக் கதவில் தலையை நீட்டிக் கேட்டே விட்டார். அங்கே இருந்த சமையல் மாஸ்டர் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் மிளகைப் பற்றி, நெய்யைப் பற்றி, அடிப்பிடிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றார்கள்.

அந்த நேரத்தில்தான் மச்சினனை ரயில் ஏற்றிவிட்டு அந்தப் பக்கமாக வந்த அனீஸ், ஹோட்டல் வாசலில் வண்டியை நிறுத்தினான். அவன் கண்ணில் பட்டது இவ்வளவுதான்: கல்யாண சீசன் தொடங்கப்போகும் சமயத்தில், ஊரிலேயே அதிகம் கறி வாங்கும் பண்டாரி, ஒரு கையில் முருங்கைக்கீரைக் கட்டோடு, ஸ்ரீரங்கத்துச் சைவ ஹோட்டலின் அடுப்படியில் நின்று, “அப்படியா, பெருங்காயம் எப்பப் போடுவீங்க?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு கறிக்கடைக்காரன் ஊரைக் கூட்ட இது போதாதா?

மஜீதா சொன்னதை மறுநாள் நடையில் கலீல் பீமராவிடம் சொன்னார். பீமராவ் நடுத்தெருவில் நின்று சிரித்தார்.

“ஸ்ரீரங்கத்துக்கு வந்து சைவமா மாறினேன்னு சொன்னா பெருமாளே ஒத்துக்க மாட்டார் பாய். அதுக்கு நீங்க முன்னாடியே திருவானைக்காவல் ஸ்டாப்புல இறங்கியிருக்கணும்.”

கலீலும் சிரித்தார். ஆனால் அப்துல் ரஹீம் வீட்டிலிருந்து அன்று சாயங்காலம் வரச்சொல்லி ஆள் வந்திருந்தது.

அப்துல் ரஹீம் சாதாரண வாடிக்கை இல்லை. கலீல் யாருடைய உதவியும் இல்லாமல் முதன்முதலாகத் தம் போட்டது அவருடைய கல்யாணத்துக்குத்தான். அன்றைக்கு அந்தச் சட்டி நன்றாக வந்திராவிட்டால் கலீல் இன்றைக்கு எங்காவது பரோட்டா வீசிக்கொண்டிருப்பார். அந்த வீட்டுப் பெண் அஃபீஃபா பிறந்தபோதே, “இவ கல்யாணத்துக்கும் நீதான்டா” என்று அப்துல் ரஹீம் சொல்லியிருந்தார். அந்தக் கல்யாணம் இப்போது வந்துவிட்டது. அது கை மாறிப் போனால் மற்ற வீடுகள் காரணம் கேட்க மாட்டார்கள். அந்த வீடே விட்டுவிட்டது என்பதே காரணமாகிவிடும்.

“என்னடா கலீலு, பாதியா ஆயிட்டியே” என்றுதான் அப்துல் ரஹீம் தொடங்கினார். “உடம்புக்கு என்ன?”

“ஒண்ணும் இல்ல மச்சான். நடக்குறேன். காய்கறி திங்கிறேன்.”

“நல்லதுதான். ஆனா மாப்பிள்ளை வீட்டுல கேக்குறாங்கடா. ஆக்குறவரே வாயில வைக்க மாட்டாராமே, அப்புறம் நாங்க எப்படி வைக்கிறதுன்னு.”

கலீலுக்குச் சுருக்கென்றது. “நோம்பு மாசம் பூரா பள்ளிவாசல்ல கஞ்சி காய்ச்சுறேன். ஒரு நாளாவது வாயில வச்சிருக்கேனா? ஆவிய முகர்ந்துதான் உப்பு சொல்றேன். அந்தக் கஞ்சிய அவங்களும்தானே வாளியில வாங்கிட்டுப் போறாங்க. அப்ப ஒருத்தரும் கேக்கலையே.”

அப்துல் ரஹீம் தாடியைத் தடவினார். “அது அல்லாஹ்வுக்காக விட்டது. இது டாக்டரம்மாவுக்காக விட்டது. ரெண்டும் ஒண்ணாடா?”

அப்துல் ரஹீமே தொடர்ந்தார்.

“ஒண்ணு பண்ணு. வர்ற வெள்ளிக்கிழமை நிச்சயம். வீட்டோட ஒரு சின்னச் சட்டி போடு. மாப்பிள்ளையோட அத்தா நத்தர்ஷா வருவாரு. அவரோட சஹன்ல நீ உக்காந்து சாப்பிடு. நாலு பேரு பாக்கட்டும். பேச்சு அடங்கிரும்.”

சஹன் என்பது நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தாம்பாளம். நடுவில் சோறு குவிந்திருக்கும். அவரவர் பக்கத்திலிருந்து அவரவர் எடுத்துச் சாப்பிடுவார்கள். டாக்டர் சொன்னது தட்டு. தட்டுக்குப் பாதி, ஓரம் என்று கணக்கு உண்டு. சஹனுக்கு ஏது பாதி, ஏது ஓரம்? கலீல் இரண்டு நாள் இதையே யோசித்தார். யோசிக்க யோசிக்க அவருக்குத் தெம்பு வந்தது.

“மஜீதா, சஹன்ல யாரு எவ்வளவு திங்கிறாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாது. கை போயிட்டு வந்தா போதும்.”

“கை போனா வாய்க்கும் போகும். உங்களைத் தெரியாதா எனக்கு?”

வெள்ளிக்கிழமை சட்டி அருமையாக வந்தது. கலீல் ஒரு முறைகூட வாயில் வைக்கவில்லை. மூடியை லேசாக நகர்த்தி ஆவியை முகர்ந்தார், ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்தார், ஒரு சிட்டிகை உப்பு தூவினார், மூடினார். பக்கத்திலேயே நின்ற அனீஸ் அந்தக் குறையைத் தீர்த்துவைத்தான். கறி தன் கடைக் கறி என்பதால் தனக்குத்தான் பொறுப்பு என்று சொல்லி, கிண்ணம் கிண்ணமாக ருசி பார்த்தான்.

சஹன் வந்தது. சுற்றிலும் நாலு பேர்: கலீல், அவருக்கு எதிரே மாப்பிள்ளையின் அத்தா நத்தர்ஷா, ஒரு பக்கம் அப்துல் ரஹீம், இன்னொரு பக்கம் கறிக்கடை அனீஸ். கூடத்தில் இருந்த மற்ற சஹன்காரர்கள் எல்லோரும் அவரவர் தாம்பாளத்தைப் பார்ப்பதுபோல் இதைத்தான் பார்த்தார்கள்.

கலீல் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கையை விட்டார். நல்ல துண்டாக ஒன்றை எடுத்து நத்தர்ஷா பக்கம் தள்ளினார். விருந்தாளிக்கு நல்ல துண்டைத் தள்ளுவது மரியாதை. யாரும் குறை சொல்ல முடியாது. நத்தர்ஷாவும் மரியாதை தெரிந்தவர். அவர் அதைத் திருப்பித் தள்ளினார். கலீல் கூடவே கொஞ்சம் சோற்றையும் சேர்த்துத் தள்ளினார். அது முட்டையோடு திரும்பி வந்தது. அந்தத் துண்டு மூன்றாவது தடவையாக நடுவில் வந்து நின்றபோது, நத்தர்ஷா தண்ணீர் எடுப்பதுபோல் முன்னால் சாய்ந்தார்.

“பாய், என் பக்கம் தள்ளாதீங்க. எனக்கும் சுகரு. பொண்ணு வீட்டுக்குத் தெரியாது.”

கலீல் நிமிர்ந்து பார்த்தார். நத்தர்ஷா ஒன்றும் நடக்காததுபோல் தயிர் வெங்காயத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அப்துல் ரஹீம் சாப்பிடவே இல்லை. அவர் கண் கலீலின் கையிலேயே இருந்தது. அனீஸ் கழுத்து வரை நிரம்பியிருந்தான். ஆகவே நாலு பேர் உட்கார்ந்திருந்த அந்தத் தாம்பாளத்தில் சோறு வந்த மேனிக்கு மலையாக நின்றது. தயிர் வெங்காயமும் கத்தரிக்காயும்தான் காலி.

பரிமாறுகிறவர் அடுத்த நடை சோற்றோடு வந்து குனிந்தார். பார்த்ததும் திகைத்துப்போனார்.

“என்னங்க, அப்படியே இருக்கு? உப்பு கம்மியா?”

அவருக்கு இயற்கையாகவே வெண்கலக் குரல். கூடத்திலிருந்த தலைகள் எல்லாம் திரும்பின. அனீஸ் கைவிரலைச் சூப்புவதை நிறுத்தினான்.

கலீலுக்கு இரண்டு வழி இருந்தது. அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு தலையை ஆட்டலாம். பேச்சு இன்றோடு அடங்கிவிடும். அடுத்த வீட்டிலும் அதற்கடுத்த வீட்டிலும் இதே மாதிரி அள்ளிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அவர் சோற்றைப் பார்த்தார். ஒன்றோடொன்று ஒட்டாமல், ஊசி ஊசியாக, நல்ல நிறத்தில் இருந்தது. இதைப் போய் உப்பு கம்மியா என்று கேட்டுவிட்டார்களே என்பதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

“உப்பு சரியா இருக்கு. சோறும் சரியா இருக்கு” என்றார். “நான்தான் சரியில்ல. எனக்கு சுகரு. டாக்டரு குறைக்கச் சொல்லியிருக்காங்க. ஸ்ரீரங்கத்துல நடக்குறேன், அவ்வளவுதான். சமையல் கத்துக்கப் போகல.” பிறகு ஒரே ஒரு கைப்பிடி எடுத்து, எல்லோரும் பார்க்க, நிதானமாக மென்று தின்றார். அது அவருக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு கிடைத்த பிடி. கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது; மூடிக்கொள்ளவில்லை.

பிறகு பக்கத்துச் சஹனிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“வெறும் வயித்துல எவ்வளவு பாய் இருக்கு?”

அவ்வளவுதான், கூடம் திறந்துகொண்டது. ஒருவர் வெந்தயம் ஊறவைக்கச் சொன்னார். இன்னொருவர் பாகற்காய்ச் சாறு என்றார். “அதெல்லாம் சும்மா, எங்க மாமு ஆவாரம்பூவுலயே நின்னுட்டாரு” என்றார் மூன்றாமவர், பிரட் அல்வாவை வாயில் போட்டபடி. பாதி ஊருக்குச் சுகர் இருந்தது அன்றைக்குத்தான் வெளியே வந்தது. நத்தர்ஷா மட்டும் வாயைத் திறக்கவில்லை. கத்தரிக்காய்க் காம்பு ஒன்றை வெகு நேரம் ஆராய்ந்துகொண்டிருந்தார்.

பெண்கள் பக்கம் காற்று வேறு மாதிரி அடித்திருந்தது. வீடு திரும்பும்போது மஜீதா அதைச் சொன்னாள். மாப்பிள்ளையின் பெரியம்மா ஒருத்தி, “வியாதிக்காரர் கையாலயா கல்யாணச் சோறு ஆக்குறது” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாளாம். வேறொரு பண்டாரியின் பெயரும் அங்கே அடிபட்டதாம்.

“நீ என்ன சொன்ன?”

“அல்வாவுக்குக் கை நீட்டினா. உங்களுக்கும் இருக்கப்போகுது, பாத்து எடுங்கன்னு சொன்னேன்.”

வாசலில் வழியனுப்பும்போது அப்துல் ரஹீம் கலீலின் தோளைத் தட்டி, “மாப்பிள்ளை வீட்டோட கலந்துக்கிட்டு, காலைல போன் பண்றேன்டா” என்றார். அந்தத் தட்டலில் என்ன இருந்தது என்று கலீல் ராத்திரி முழுக்கப் புரட்டிப் பார்த்தார். ஒருவேளை ஆறுதல், ஒருவேளை சும்மா தட்டல். நத்தர்ஷா காரில் ஏறும்போது ஆரஞ்சு ஷூவைப் பார்த்துவிட்டு, “ஸ்ரீரங்கத்துல எந்தப் பக்கம் நடக்குறீங்க?” என்று மட்டும் கேட்டார். அதற்கும் ஆயிரம் அர்த்தம் இருக்கலாம், எதுவும் இல்லாமலும் இருக்கலாம்.

காலையில் கிளம்புவதற்கு மனமில்லை. “போன் வரட்டும், அப்புறம் போறேன்” என்றார். மஜீதா ஸ்கூட்டர் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள். “போனுக்கு ஸ்ரீரங்கத்துலயும் டவர் இருக்கு.”

கீழச் சித்திரை வீதியிலிருந்து தெற்குக்குத் திரும்பும் வரை கலீல் நடந்ததை எல்லாம் பீமராவிடம் சொல்லி முடித்தார். பீமராவ் வாழ்க்கையில் முதல் தடவையாக நடுவில் பேசாமல் கேட்டார். தெற்குச் சித்திரை வீதியில் பாதி வந்திருப்பார்கள். கலீலின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். அப்துல் ரஹீம்.

பெயரைப் பார்த்துக்கொண்டே ஐந்தாறு அடி நடந்தார். பிறகு போனைப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார்.

“பாய், எடுங்கோ. அவர்தானே?”

“அவருதான்.”

“பின்ன என்ன?”

“எடுத்தா நின்னுருவேன் சார். வேலை உனக்குத்தான்னு சொன்னா அப்படியே அரிசிக் கணக்கு பேச ஆரம்பிச்சுருவேன். இல்லன்னு சொன்னா உங்களோட வந்து பொங்கல் தின்னுருவேன். ரெண்டுக்கும் கால் நின்னுரும்.”

“நடந்துண்டே பேசப்படாதா?”

“எனக்கு அது வராது. மேலச் சித்திரை முனை வரட்டும்.”

போன் நின்று நின்று மறுபடி அடித்து, பைக்குள் துள்ளிக்கொண்டே வந்தது. பீமராவ் அதையே பார்த்தபடி நடந்ததில், வாசலில் படுத்திருந்த ஒரு மாட்டின் மேல் தடுக்கி விழப் பார்த்தார். கலீல் அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார், நிறுத்திவிட்டு மீண்டும் நடையை எட்டிப் போட்டார். மூச்சு வாங்கியது. பாதத்தின் அடியில் தெருவின் மேடுபள்ளம் லேசாகத் தட்டுப்படுவதுபோல் இருந்தது; நிஜமா, நினைப்பா என்று தெரியவில்லை. முனைக்கு இன்னும் நாலு வீடு இருந்தது. போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.